மத்தியானத்தில் காலியாகும் ஷெட்

பங்குனி பிறந்துவிட்டால் ஆலங்காயத்தில் நாய்கள்கூட நிறுத்திவைத்த லாரிக்கு அடியில் போய்த்தான் படுக்கும். ரஹ்மான் பாயின் ஒர்க்‌ஷாப்பில் நாய்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. லாரிக்கு அடியில் ஏற்கெனவே கோகுல்ராஜ் படுத்திருப்பான்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் பஸ்கள் பிரேக் கருகிய வாடையோடு வந்து நிற்கும். மலை ஏறப் புறப்பட்டவை பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துத் திரும்பிவரும். இரண்டுக்கும் பாயின் ஷெட்தான் போக்கிடம். மேலே தகரம், கீழே எண்ணெய் ஊறிய சிமெண்ட் தரை, நடுவில் தொட்டால் சுடும் இன்ஜின்கள். மூலைக்கொன்றாக நின்ற ஃபேன்களின் இரைச்சலைக் கேட்டால் ஏதோ பெரிதாகச் சாதிக்கின்றன என்று தோன்றும். அவை செய்ததெல்லாம் இந்த மூலைச் சூட்டை அந்த மூலைக்குத் தள்ளியதும், பிரேக் தூசியை அள்ளி ஆட்கள் கண்ணில் போட்டதும்தான்.

அதனால் மத்தியானம் சோற்றைத் தின்றதும் ஆட்கள் ஷெட்டை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடைப் புங்கமரத்தடிக்குப் போய்விடுவார்கள். வெயில் சாயும்வரை ஒருவனும் திரும்ப மாட்டான். பாய் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். "நீங்க உள்ள போய் ஒரே ஒரு போல்ட்டு கழட்டிக் காமிங்க பாய், அப்பால நாங்க வர்றோம்" என்று வெல்டர் சடையன் சொன்னதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஷெட்டின் பின்கோடியில் சுவர் தடுத்த ஓர் அறை இருந்தது. அதுதான் கோகுல்ராஜின் வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து பூங்கோதையைக் கல்யாணம் பண்ணி அழைத்துவந்தபோது, "கதவத் தொறந்தா வேலை, கதவ மூடுனா வூடு. யாருக்குக் கெடைக்கும்?" என்று மாமியாரிடம் பீற்றிக்கொண்டான். அவனும் மலைக்காரன்தான். ஆனால் மீசை முளைக்கிற வயதிலேயே தொழில் கற்க இறங்கி வந்தவன். தகரச் சூடு அவனுக்குத் தோலில் ஏறிப் பழகிவிட்டது.

இந்தப் பங்குனியில் ஒருநாள் பூங்கோதை அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். வெயில் என்றார் பாய். வெயில்தான் என்று சடையன் தலையாட்டினார். பூங்கோதையும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, வெயிலு" என்றாள். அவளுடைய அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வந்து, மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெண்டாட்டி ஊருக்குப் போனால் கொண்டாடுகிற ஆண்கள் உண்டு. கோகுல்ராஜ் அந்த ரகம் இல்லை. முதல் வாரம் சமாளித்தான். இரண்டாவது வாரம் சோற்றுக்கு உப்புப் போட்டோமா என்பதே மறந்து, இரண்டு தரம் போட்டுத் தின்றான். அறைக் கொடியில் அவள் காயப்போட்டிருந்த பச்சைப் புடவையை எடுத்து மடித்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் ஷெட் வாசலில் நின்றால் மலை நீலமாய்த் தெரியும். கண்ணுக்கு முன்னால் இருக்கிற மலைதான், அதன் மேல்தான் அவள் இருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் இருப்பதுதான் அவனை வதைத்தது. ஒருதரம், பிரேக் பார்க்கிறேன் என்று எடுத்துப்போன மினி பஸ்ஸை மலைப்பாதையில் காவலூர் வரைக்கும் ஓட்டிவிட்டான். அங்கே போன பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. திரும்பி வந்தபோது பாய் வாசலில் நின்றிருந்தார். "பிரேக் பார்க்கச் சொன்னா பொண்டாட்டியப் பார்க்கப் போறியாடா?" என்றார். பார்க்கக்கூட இல்லை என்பதை அவன் சொல்லவில்லை.

மலைக்குப் போகிற டிரைவர்கள் எல்லாரும் அவனுக்குப் பழக்கம். அவர்களிடம் மல்லிகைப்பூ கொடுத்தனுப்புவான். அது போய்ச் சேரும்போது பாதி வாடியிருக்கும். அவள் பதிலுக்குச் சாமை அரிசி அனுப்புவாள், கொட்டையெடுத்த புளி அனுப்புவாள். வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு லீவு என்பதால் அவனே கிளம்பிப் போவான். மேலே போனால் அவள் சிரிப்பாள், களி கிண்டிப் போடுவாள், அவன் சட்டையை வாங்கிக் கிரீஸ் போகத் தேய்த்துத் துவைப்பாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும், "வர்றியா?" என்று கேட்டால், "வெயில் கொறையட்டுங்க" என்பாள். அவள் கண் கலங்கியிருக்கும். கண் கலங்குகிறவள் ஏன் வர மாட்டேன் என்கிறாள் என்று யோசித்துக்கொண்டே அவன் இறங்கி வருவான். வெயில், வெயில் என்று அவன் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

அப்போதுதான் பாயின் மகள் லுப்னா பெரிய ஃபேன் பேச்சை எடுத்தாள். அவள் இன்ஜினீயரிங் படித்தவள், வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. அங்கே கூரையில் அப்படி ஒன்று தொங்குகிறதாம்.

"அத்தா, சூடு மேலதான் போய் ஒக்காருது. தகரத்த ஒட்டி உச்சியில அது வெளிய போறதுக்கு ஒரு வழி வுடணும். கீழ காத்து மெதுவா எறங்கணும். சின்ன ஃபேனு வேகமா அடிச்சா தூசிதான் பறக்கும்" என்றாள்.

ஆட்கள் மத்தியானமும் ஷெட்டில் இருப்பார்கள் என்ற ஒரு வார்த்தைக்கு பாய் மசிந்துவிட்டார்.

ஃபேன் வந்து இறங்கிய அன்று ஊரே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு இறக்கையும் ஓர் ஆளைவிட நீளம், அப்படி ஆறு. சடையன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாய், இது ஹெலிகாப்டரு. சுத்த வுட்டா ஷெட்டத் தூக்கிக்கினு ஜமுனாமரத்தூருல போய் எறக்கிடும். நம்ம கோகுலுக்கு பஸ் சார்ஜு மிச்சம்" என்றார். கோகுல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி நடந்தால்தான் என்ன என்றும் இருந்தது.

கூரைச் சட்டத்தில் இரும்புப் பட்டை கொடுத்து, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, அதை மாட்டுகிற வேலையில் அவனைப்போல் யாரும் பாடுபடவில்லை. சாரத்தில் ஏறினால் இறங்க மாட்டான். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது பூங்கோதை ஒரு வளைவு இறங்கி வருவதாக நினைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்த பிறகு லுப்னாவிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். அறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரின் மேல்பாதியை எடுத்துவிட்டால், காற்று வீட்டுக்குள்ளும் வருமா?

"வரும். ஆனா பொகையும் வரும். இன்ஜின் ஓட்டிப் பாக்கறதெல்லாம் வெளிய வெச்சிக்கினா செய்யலாம்" என்றாள் லுப்னா. அன்றைக்கே அவன் சுவரை உடைத்தான்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சோம்பல் முறிக்கிறாற்போல் மெதுவாகத் திரும்பியது. "இது சுத்துதா, யோசன பண்ணுதா?" என்று சடையன் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே பேச்சை நிறுத்திவிட்டார். முதுகில் ஒட்டியிருந்த சட்டை விட்டுப்போயிற்று. தூசி பறக்கவில்லை, மேஜையில் இருந்த காகிதம் அசையவில்லை, ஆனால் வியர்வை காய்ந்தது. மூலை ஃபேன்களை நிறுத்தினார்கள். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஷெட்டில் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கத்தாமலே கேட்டது.

கோகுல்ராஜ் அங்கேயே நின்று போன் போட்டான். "பூங்கோத, வெயில அடிச்சுத் தொரத்திட்டோம். வந்து பாரு!"

வைகாசிக் கடைசியில் அவள் வந்தாள். ஒரு பையும் ஒரு பலாப்பழமுமாகத் தனியே பஸ்ஸை விட்டு இறங்கினாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஷெட்டில் யாரும் இல்லை. ஃபேனுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். நெற்றி முடி மெல்ல அசைந்தது. "அய்யோ, எங்கூரு காத்து மாதிரியே இருக்குதுங்க" என்று சிரித்தாள். அவன் வாழ்நாளில் பழுது பார்த்த வண்டி ஒன்றுகூட அவனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. அன்று முழுக்க அவள் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தபடி இருந்தாள், குளித்தாள், துணி துவைத்து வாசல் கம்பியில் போட்டாள். அவன் அவள் பின்னாலேயே சுற்றினான்.

சனிக்கிழமை ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் சோறு முடிந்ததும் ஒருவரும் புங்கமரத்தடிக்குப் போகவில்லை. சாக்கை விரித்து ஃபேனுக்குக் கீழே வரிசையாகப் படுத்தார்கள். பாய்க்குப் பெருமை தாளவில்லை, அவரும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து குறட்டை விட்டார். வெயில் சாய்ந்து கடை மூடுகிற நேரம் வந்தும் வேலை ஓடியது. குளுகுளுவென்று இருக்கும்போது எதற்கு வீட்டுக்குப் போக வேண்டும்?

கோகுல்ராஜ் டீக்கடையில் மோர் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனான். பூங்கோதை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா, குடி."

"வேணாங்க."

"காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல போலருக்குதே?"

"தாகமில்ல."

ஞாயிற்றுக்கிழமையும் தாகமில்லை. திங்கட்கிழமை அவள் உதடு வெடித்திருந்தது. அன்று காலை பையை எடுத்துவைத்துக்கொண்டு, "நான் ஊருக்குப் போறேங்க" என்றாள். கோகுல்ராஜுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. அப்புறம் கோபம் வந்தது. சுவருக்கு மேலே காது இருக்கிறது என்பதால் இருவரும் அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் வந்தாள்.

பஸ் பாதி காலியாக நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா கொறன்னு சொல்லிட்டுப் போ. வெயில் இல்ல, நல்லா காத்து வருது. ஒனக்காகத்தான் மாடு மாதிரி ஒழச்சேன். என்னப் புடிக்கலையா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்: "நம்ம வூட்டுக்குக் கக்கூஸ் எங்க இருக்குது?"

"இன்னாது?"

"எங்க இருக்குது, சொல்லுங்க."

"முன்னாடி. வாசல் கேட்டாண்ட."

"வூடு?"

"பின்னாடி."

"நடுவுல?"

"நடுவுல நாங்க" என்றான்.

"நான் பக்கெட்டத் தூக்கிக்கினு வந்தா ஸ்பேனர் சத்தம் நிக்கும். எல்லாரும் மரியாதையாத்தான் தலையக் குனிஞ்சிக்குவாங்க. ஒருத்தரும் தப்பாப் பார்த்ததில்ல. ஆனா நான் எங்க போறேன்னு அத்தன பேருக்கும் தெரியும். போய்ட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பாங்க. அந்த நட என்னால முடியலைங்க." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "விடியறதுக்கு முன்னாடி போய்டுவேன். அப்பால மத்தியானம் நீங்கல்லாம் மரத்தடிக்குப் போறப்போ. அந்த மத்தியானம் ஒண்ணுதான் என் பொழுது. குளிப்பேன், தொவைப்பேன், சும்மாவே ஷெட்டு பூரா நடப்பேன். அந்த நெருப்பு எனக்கு ஒண்ணும் சுடாது. மத்த நேரத்துக்குத் தண்ணி கம்மியாக் குடிச்சாப் போதும்னு கத்துக்கினேன். அதுல விழுந்ததுதான் அன்னிக்கி."

"வெயிலுன்னு சொன்னியே?"

"டாக்டராண்ட, பாயாண்ட, வேற இன்னான்னு சொல்லுவேன்? எல்லாரும் வெயிலுன்னாங்க, நானும் ஆமான்னேன். இப்ப மத்தியானமும் போச்சு. எல்லாரும் ஹெலிகாப்டருக்குக் கீழ படுத்திருக்கீங்க. சொவத்த வேற ஒடச்சிட்டீங்க. நான் உள்ள இருமினாக்கூட சடையண்ணன், 'இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறாரு. பாவம், நல்ல மனுஷன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மூணு வருஷமா அங்க இருந்தேனே, நான் எப்பக் குளிக்கறேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. வண்டியில் எங்கே எண்ணெய் ஒழுகுகிறது என்று தரையில் விழுந்த சொட்டைப் பார்த்தே சொல்லுகிறவனுக்கு அது தெரியாது. அந்த மத்தியானங்களில் எல்லாம் அவன் புங்கமரத்தடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

டிரைவர் வந்து ஏறினார். பஸ் உறுமியது. "எனக்கு வர ஆசை இல்லன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. மேல ஒக்காந்துக்கினு கீழருந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் நான் பார்த்துக்கினுதான் இருக்கேன்" என்றாள். அவள் கை கம்பிக்கு வெளியே வந்து அவன் விரலைத் தொட்டது. பஸ் நகர்ந்தது.

அன்று மத்தியானம் கோகுல்ராஜ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான். வெளியே ஆட்களின் சிரிப்பும் குறட்டையும் தலைக்கு மேலே கேட்டன. காற்று என்னவோ நன்றாகத்தான் வந்தது. அவனுக்கு அழுகை வந்தது. சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதான்.

பாயிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் தீராது என்பதால், அவரைப் பின்பக்கம் பழைய டயர்கள் கிடக்கிற இடத்துக்கு அழைத்துப்போய், அவர் முகத்தைப் பார்க்காமல் டயர்களைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எங்க வூட்டுப் பொம்பளைங்க இங்க குடியிருந்திருந்தா மொத நாளே தோணியிருக்கும்டா" என்றார். "இந்த டயர எல்லாம் அள்ளிப்போடு. கொத்தனாரக் கூப்புடு."

லுப்னாவிடமும் விஷயம் போயிற்று. அவள் ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஃபேன் மாட்டறப்போ காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருந்தேன். எனக்கு அவசரம்னா வூட்டுக்கு ஓடிடுவேன். அக்கா எங்க ஓடுவாங்கன்னு எனக்கே தோணல" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். நடுச்சுவரை மறுபடி ஆள் உயரத்துக்கு மேலே எழுப்பி, உச்சியில் மட்டும் சரிந்த பலகைகளை வைத்துக் காற்றுக்கு வழி விட அவள்தான் சொன்னாள். பின்சுவரில் தனிக் கதவு வைத்தார்கள். கதவைத் திறந்தால் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு சின்ன முற்றம், அதற்குள் குளியலறை, கக்கூஸ், துணி துவைக்கக் கல், குழாய். சடையன் இரும்புக் கதவை அடித்துக் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. தாழ்ப்பாளை மட்டும் இரண்டாகப் போட்டுக் கொடுத்தார்.

வேலை நடந்த நாட்களில் கோகுல்ராஜ் மலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் கொத்தனாரோடு நின்றான். கை வெறுமையாகப் போய் அவள் முன்னால் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரியில் சிமெண்ட் வாடைக்கு நடுவே படுத்து, அவள் இந்தக் கதவைத் திறப்பாள், இந்தக் குழாயைத் திருப்புவாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பான். நினைக்க நினைக்க அவள் இல்லாதது கூடிக்கொண்டே போயிற்று.

குழாயில் தண்ணீர் வந்த அன்று, கியர்பாக்ஸைப் பிரித்துப்போட்டுவிட்டு நடுவிலேயே எழுந்து போன் போட்டான். "பூங்கோத, எல்லாம் கட்டியாச்சு. பின்னால தனிக் கதவு. ஷெட்டுல யாரும் அந்தப் பக்கம் வர வழியே கெடயாது. நீ இனிமே குடம் குடமா தண்ணி குடிக்கலாம். வந்துடு."

"ம், கட்டியாச்சா" என்றாள் அவள், சந்தோஷம் காட்டாமல்.

"நீ இன்னும் கோவமாத்தான் கீறியா?"

"கோவமெல்லாம் இல்லைங்க. போன வாட்டி நீங்க போன்லதான் கூப்புட்டீங்க, நானா எறங்கி வந்தேன், நானாவே ஏறிப் போனேன். எங்கம்மா இன்னும் ஒரு வார்த்த கேக்கல, ஆனா பார்த்துக்கினுதான் இருக்காங்க. இந்த வாட்டி வந்து கூட்டிக்கினு போங்க."

"வர்றேன். வெள்ளிக்கெழம காலையில மொத பஸ்ஸுக்கே வந்துடறேன்."

"வெள்ளிக்கெழமையா?" என்றாள் அவள். குரல் இறங்கிப்போயிற்று. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

கோகுல்ராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டான். "சடையண்ணே, இந்த கியர்பாக்ஸ் மேல ஒரு சாக்கப் போட்டு மூடிடுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினான். பாய் பின்னாலிருந்து ஏதோ கத்தினார், அவன் திரும்பவில்லை. மத்தியான பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. சந்தைக்குச் சாமான் ஏற்றிப்போகிறவர்களால் உள்ளே நிற்கக்கூட இடம் இல்லை. கையெல்லாம் கிரீஸ் என்று கண்டக்டர் அவனைக் கம்பியைப் பிடிக்கவும் விடவில்லை. வளைவுக்கு வளைவு யார் மேலாவது சாய்ந்து, திட்டு வாங்கிக்கொண்டு, ஜமுனாமரத்தூர் வரை அவன் நின்றுகொண்டே போனான்.